பிரெஞ்சுக் குடும்பப் பெயரை வாய்விட்டுக் கூப்பிடுவது எப்படி?

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில், ஆனெசிக்குப் பக்கத்து ஊரொன்றில், ஒரு பல் மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. முதல் நாள் காலை காத்திருப்பு அறைக் கதவைத் திறந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிட்டேன். பெயரின் கடைசியில் 'ஓ, இசட்' என்று இரண்டு எழுத்துகள். பாரிசில் ஏழு வருடம் இருந்தவள் என்ற தைரியத்தில் 'ஓஸ்' என்று அழுத்தி முடித்தேன். ஒருவரும் எழும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். மூலையில் இருந்த முதியவர் மெல்ல எழும்பி வந்து, "என்னைத்தான் கூப்பிட்டீர்கள் போல. அந்த இசட் சும்மா நிற்கிறது மேடம், அதைத் தொட வேண்டாம்" என்றார். அறையே சிரித்தது.

வரவேற்பு மேசை, பாடசாலைச் சமையலறை, முதியோர் இல்லம், பொதி விநியோகம் என்று எந்த வேலைக்குப் போனாலும் நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு பெயரை உரத்துச் சொல்ல வேண்டி வரும். மொழி வகுப்பில் இதைச் சொல்லித் தருவதில்லை. வினைச்சொல் திரிபுகளைப் பக்கம் பக்கமாகப் பாடமாக்குவார்கள்; பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லத் தெரியாது. பத்து வருடத்தில் நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கற்றுக்கொண்டதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

ஒரு சிறு ஏற்பாடு. ஒலிகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் படித்த பெயர்களால் (ஏ, ஈ, ஐ, ஓ, யு) குறிக்கிறேன். (ன்) என்று அடைப்புக்குறிக்குள் வந்தால் அது மூக்கில் மட்டும் கேட்க வேண்டும். நாக்கு நுனி மேலே போய் ஒட்டக் கூடாது. 'யு' என்று வரும் இடத்தில் 'இ' சொல்லிக்கொண்டே உதட்டை 'உ'வுக்குக் குவியுங்கள். 'ஜ' நம்முடையதைவிட மெத்தென்று, நாக்கு அண்ணத்தில் முட்டாமல் வர வேண்டும்.

முதல் படி: உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை எடுத்து வையுங்கள்

லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகாத தமிழர் பாரிசில் குறைவு. அங்கே இரண்டாம் இலக்க மெட்ரோவில் ஒரு பக்கம் ஏறினால் அடுத்த நிலையம் பார்பெஸ். மறுபக்கம் ஏறினால் ஸ்தாலின்கிராத், அதற்கடுத்தது ஜோரெஸ். கொஞ்சம் நடந்தால் ஏழாம் இலக்கத்தில் லூயி பிளா(ன்). பார்பெஸ், ஜோரெஸ், லூயி பிளா(ன்) மூன்றும் ஆட்களின் பெயர்கள். லூயி பிளா(ன்) என்பதன் எழுத்தைப் பாருங்கள்: லூயியின் கடைசியில் ஒரு எஸ், குடும்பப் பெயரின் கடைசியில் ஒரு சி. இரண்டையும் யாரும் சொல்வதில்லை. பார்பெஸிலும் ஜோரெஸிலும் உள்ள எஸ்ஸை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும்தான்.

பிரெஞ்சுச் சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஊமை என்பது வகுப்பில் படித்த விதி. லூயி பிளா(ன்) அதற்குப் பணிகிறது. ஜோன் ஜோரெஸ் 1859இல் தெற்கே கஸ்த்ர் நகரில் பிறந்தவர். ஆர்மோன் பார்பெஸ் 1809இல் குவாதலூப்பில் பிறந்தாலும் குடும்பத்தின் வேர் கார்கசோன் பக்கம். தெற்கத்திப் பெயர்களில் கடைசி எஸ் உயிரோடு இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் போகப் போகிறது: பெயர் எந்த ஊர்க்காரருடையது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் வாய் தமிழ் வாய் என்பதில் ஒரு இலாபமும் ஒரு நட்டமும் உண்டு. இலாபம்: பிரெஞ்சுக்காரர் தீ, தா என்பதை நம்மைப் போல் பல்லில் நாக்கு வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் படித்த பழக்கத்தில் 'ட' போடாதீர்கள். தொமா என்ற பெயரைத் 'த'வில் தொடங்கினால் சரியாகவே இருக்கும்.

நட்டம் பெரிது. நமக்கு 'ப'வுக்கு ஒரே எழுத்து, 'க'வுக்கு ஒரே எழுத்து. பிரெஞ்சில் பிவாசோ(ன்) என்று இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. ஏ-க்கு அடுத்து வரும் பி எழுத்தில் தொடங்குவதற்குப் 'பானம்' என்று பொருள். மற்றப் பி-யில், அதாவது ஓ-வுக்கு அடுத்து வரும் பி-யில் தொடங்குவதற்கு 'மீன்' என்று பொருள். பார்த்தீர்களா, தமிழில் இதை எழுதவே முடியவில்லை! 'பந்து' என்பதன் முதலெழுத்து, 'பம்பரம்' என்பதன் நடுவெழுத்து, இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பந்து போல் தொடங்கினால் மீன். பம்பரத்தின் நடுப் 'ப' போல் தொடங்கினால் பானம். கல்லூரியில் புள்ளியியல் படித்தவர்களுக்குப் 'பாய்சான் பரவல்' நினைவிருக்கும். அந்தப் பாய்சான் மீன்காரர்தான், 1781இல் பித்திவியே ஊரில் பிறந்தவர். நாம் பாய்சான் என்று மனப்பாடம் செய்தது அங்கே பிவாசோ(ன்).

இரண்டாம் படி: எழுத்தை நம்பாதீர்கள், ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1539இல் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கொத்தெரேயில் ஒரு ஆணை பிறப்பித்தார். ஞானஸ்நானம் பெறும் பிள்ளைகளைத் தேவாலயப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அதில் ஒன்று. எழுதியவர் அந்தந்த ஊர்ப் பாதிரியார். பெற்றோர் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்ததோ, அவருக்கு எந்த எழுத்து அழகாகப் பட்டதோ, அப்படி எழுதினார். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு வேறு எழுத்து என்பது சாதாரணம். பிறகு புரட்சி வந்தது. 1794 ஆகஸ்ட் 23ஆம் தேதிச் சட்டம், பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. அத்தோடு எழுத்து பூட்டப்பட்டது. பேச்சு தன்பாட்டில் மாறிக்கொண்டே இருந்தது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வடக்கே தெருவுக்குத் தெரு இருக்கும் லெஃபேவ்ர் குடும்பங்கள். கொல்லர் என்று பொருள். இலத்தீனில் கொல்லருக்கு 'ஃபாபெர்' என்று பெயர் என்பதால், படித்த எழுத்தர்கள் பேச்சில் இல்லாத ஒரு பி-யை நடுவில் செருகிவிட்டார்கள். அந்தப் பி-யை ஒருநாளும் சொல்லாதீர்கள். வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்தக் காலத்தில் யு-வும் வி-யும் ஒரே எழுத்து. எழுதியிருந்ததைப் பார்த்துச் சிலர் வி-யை யு என்று வாசித்தார்கள். லெஃபேபியுர் என்று புதிதாக ஒரு பெயரே பிறந்துவிட்டது. இன்று இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். இருவரையும் மாற்றிக் கூப்பிட்டால் இருவருக்கும் கோபம் வரும்.

இன்னொன்று, நடுவில் நிற்கும் எஸ். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் மூன்றாம் பதிப்பை 1740இல் வெளியிட்டபோது, சொல்லாத எஸ்களைப் பெருமளவில் நீக்கி, உயிரெழுத்தின் தலையில் தொப்பி போன்ற குறி வைத்தது. ஓக் மரத்தைக் குறிக்கும் 'ஷேன்' அப்படித்தான் இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஆனால் அகராதி மாற்றியது சொற்களை. ஆட்களின் பெயர்களை அது தொடவில்லை. ஆகவே மரத்தடியில் குடியிருந்த யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் நடுவில் எஸ்ஸோடு எழுதி, தியுஷேன் என்று சொல்கிறார்கள். நோர்மண்டி, பிக்கார்டி பக்கத்தில் 'ஷ' வருமிடத்தில் 'க' வரும். அங்கே அதே பெயர் தியுகேன். தியெப் துறைமுகத்தில் 1610 வாக்கில் பிறந்த கடற்படைத் தளபதி ஆபிரகாம் தியுகேன் இப்படிப்பட்ட மரத்தடிக்காரர்தான். தியுஃப்ரேன், தியுமேனில் எல்லாவற்றிலும் இந்த எஸ் ஊமை. நடு எஸ்ஸுக்குப் பின்னால் என், எம், எல் எதுவாவது வந்தால் பயப்படாமல் விழுங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: வால் பார்த்து ஊர் சொல்லுங்கள்

இதுதான் முக்கியமான படி, மெல்ல வாசியுங்கள்.

சவோய், சுவிட்சர்லாந்து எல்லை, வலே மலைப்பகுதி. பெயரின் வால் 'ஏ-இசட்' அல்லது 'ஓ-இசட்' என்றால் இங்கிருந்து வந்திருக்கும். சவோய் 1860இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு முன் அந்த மலைகளில் புழங்கியது தனி மொழி, இன்று அதை ஆர்பித்தான் என்கிறார்கள். பெயரின் கடைசி உயிரெழுத்தை அழுத்தாமல் மெல்ல விட வேண்டும் என்று காட்டத்தான் எழுத்தர்கள் அந்த இசட்டைப் போட்டார்கள். அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் எக்ஸ் போட்டார்கள். இரண்டும் வாசிப்பவருக்கு வைத்த அடையாளங்கள், ஒலி இல்லை. ஷமோனி மலை நகரின் கடைசி எக்ஸை உலகமே விழுங்குகிறது. ஆனால் இசட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவோரியா என்று ஊர்க்காரர் சொல்லும் பனிச்சறுக்கு ஊரைப் பாரிசிலிருந்து வருபவர்கள் அவோரியாஸ் என்கிறார்கள். லொசானில் 1878இல் பிறந்த எழுத்தாளர் ரமியுவின் பெயரில் இசட் உண்டு, சொல்வதில்லை. இசையமைப்பாளர் பெர்லியோஸ் இதே வட்டாரத்துக்குப் பக்கத்தில், லா கோத்-சென்-தான்ரே ஊரில் 1803இல் பிறந்தார்; அவருடைய இசட்டை எல்லோரும் சொல்கிறார்கள், இனி மாற்ற முடியாது. ஆகவே பெர்லியோஸை வைத்து மற்றவர்களை அளக்காதீர்கள். நான் செய்த பிழை அதுதான்.

தென்மேற்கு. இங்கே நேர் எதிர். முன்னாள் பிரதமர் ஜோன் கஸ்தெக்ஸ் ஜேர் மாவட்டத்தின் விக்-ஃபெசான்சாக் ஊரில் பிறந்தவர். அவர் பெயரின் எக்ஸை முழுசாகச் சொல்ல வேண்டும். ஷமோனியின் எக்ஸும் கஸ்தெக்ஸின் எக்ஸும் எழுத்தில் ஒன்று, ஊரால் வேறு. அந்த மாவட்டத்தின் பெயரையே வெளியார் ஜேர் என்பார்கள், உள்ளூரார் எஸ்ஸோடு ஜேர்ஸ் என்பார்கள். 'ஏ-எஸ்' வாலும் இப்படித்தான். அலெக்சாந்தர் தியுமாவுக்கு எஸ் ஊமை. மார்கெரித் தியுராஸ் 1914இல் சைகோனுக்கு அருகே பிறந்தாலும் தன் பெயரை லொத்-எ-கரோன் மாவட்டத்துத் தியுராஸ் ஊரிலிருந்து எடுத்தார். அவருக்கு எஸ் உண்டு. தெல்மாஸ், காலாஸ் எல்லாம் எஸ்ஸோடுதான். 'ஏ-சி' வால் என்றால் கவலையே இல்லை, ஷிராக், பால்சாக் என்று க் சொல்லி முடியுங்கள்.

பிரெத்தாஞ். 'ல' என்று தொடங்கி, இரண்டாவதாக ஒரு குட்டிச் சொல் வந்தால் மேற்குக் கரையை நினையுங்கள். ல கோஃப் என்றால் கொல்லர். 'ஈ-என்' என்று முடிந்தால் என்-ஐ நாக்கு வைத்துத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ல பென். இதைப் பாரிஸ்காரர் போல் மூக்கில் விட்டால் பிழை. ஆனால் 'ஏ-என்' என்று முடிந்தால் மூக்குதான்: ல பியா(ன்), 'சின்னவர்' என்று பொருள். சில பெயர்களின் கடைசியில் சி-க்கும் எச்-சுக்கும் நடுவே ஒரு மேற்கோள் குறி நிற்கும். பிரெத்தோன் மொழியில் அது தொண்டையை உரசி வரும் ஒலி. பிரெஞ்சு வாய்க்கு அது வராது. ஒருவர் 'க்' என்பார், இன்னொருவர் 'ஷ்' என்பார். 1998 உலகக் கிண்ணத்தில் விளையாடிய ஸ்தெஃபான் கிவார்ஷ் பெயரை நாடு முழுக்க 'ஷ்' என்றே சொன்னது. உங்கள் முன்னால் நிற்பவர் எந்தக் கட்சி என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அல்சாஸ், லொரேனின் ஒரு பகுதி. 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்த மண். டபிள்யூ வந்தால் 'வ' என்று சொல்லுங்கள். ஸ்திராஸ்பூரில் 1949இல் பிறந்த கால்பந்துப் பயிற்சியாளர் அர்சேன், இங்கிலாந்தில் வெங்கர், இங்கே வெங்கேர். கடைசி மெய்கள் எல்லாம் கேட்கும்: ஷ்மித், அதுவும் கொல்லர்தான். குழப்பம் 'ஈ-ஐ' சேர்ந்து வரும் இடத்தில். ஜெர்மன் வாசிப்பில் 'ஐ', பிரெஞ்சு வாசிப்பில் 'எ'. 1975இல் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் சிமோன் வேய் வி எழுத்தில் எழுதுவார்; தத்துவவாதி சிமோன் வேய் டபிள்யூவில் எழுதுவார்; இருவரையும் ஒரே மாதிரித்தான் கூப்பிட வேண்டும். வைல் என்றால் யாருக்கும் விளங்காது.

மற்ற மூலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜிய எல்லையில் 'ஏ-ஈ' சேர்ந்து வந்தால் வெறும் 'ஆ': ரூபேயில் பிறந்த மூளை ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஆன். அங்கேயே 'சி-கியூ' என்று முடியும் லெக்லேர் பெயரில் கடைசி இரண்டும் ஊமை. பாஸ்க் நாட்டில் எக்ஸ் என்பது 'ஷ', இசட் என்பது 'ஸ'. 1998 அணியின் லிசராசுவின் முதற்பெயர் பிஷென்தெ. கோர்சிகாவில் இத்தாலிய வால் இருக்கும், எல்லா உயிரும் கேட்கும். அந்தத் தீவில் பிறந்த ஒருவர் 1796 வாக்கில் தன் குடும்பப் பெயரான புவோனபார்த்தெயிலிருந்து ஒரு யு-வை உருவிவிட்டுப் பிரெஞ்சுக்காரர் வாய்க்குப் பொருந்துமாறு பொனபார்த் ஆனார். உங்களுக்கு அவரைத் தெரியும்.

வடக்குச் சுரங்கப் பகுதியில் போலந்துப் பெயர்கள் ஏராளம். நே-லே-மீனில் 1931இல் பிறந்த கால்பந்து வீரர் கோபஷெவ்ஸ்கியை எல்லோரும் கோபா என்று வெட்டிக்கொண்டார்கள். 1958இல் தங்கப் பந்து வாங்கியது அந்த வெட்டிய பெயர்தான்.

நான்காம் படி: பெயர் ஒன்று, வாய் பல

பெயர் எந்த ஊர் என்பது ஒன்று. சொல்பவர் எந்த ஊர் என்பது இன்னொன்று. பிரான்சில் மிக அதிகமாக உள்ள குடும்பப் பெயர் மர்தே(ன்). பாரிசில் கடைசி ஒலி மூக்கோடு நின்றுவிடும். துலூசிலோ மார்செயிலோ கேட்டால் 'மர்தெங்' என்று வால் நீளும். தியுபோ(ன்) அங்கே தியுபோங். ஃபாப்ர் என்று நாம் ஒரே மூச்சில் முடிப்பதை அவர்கள் ஃபா-ப்ரெ என்று இரண்டாக்கி, கடைசி ஈ-க்கும் பங்கு கொடுப்பார்கள். உண்மையில் நமக்குத் தெற்கத்திப் பேச்சுத்தான் எளிது. தமிழைப் போல் எல்லாவற்றையும் முழுசாகச் சொல்லும் பேச்சு. எனக்கு வகுப்பெடுத்த ஆசிரியை கேட்டால் திட்டுவார், ஆனாலும் மூக்கொலி வராத தொடக்க மாதங்களில் 'மர்தெங்' என்றே சொல்லிக்கொள்ளுங்கள். கேட்பவர் நீங்கள் தெற்கில் இருந்து வந்தீர்களா என்று கேட்பாரே தவிர, விளங்கவில்லை என்று சொல்ல மாட்டார்.

ஃபிரான்ஷ்-கோந்தே பக்கம் 'ஓ-டி' வாலைப் பாரிஸ்காரர் போல் உதடு குவித்து 'ஓ' என்று நீட்டாமல், வாயைத் திறந்து குறிலாக 'ஒ' என்று முடிப்பார்கள். பெஜோ கார் அந்தப் பக்கத்துத் தயாரிப்பு. ஊர்க்காரர் வாயில் அது 'பெஜொ'.

அரசியல்வாதிகளைக் கேட்டால் நல்ல பயிற்சி. தென்மேற்கே பியார்ன் நாட்டுக்காரரும் அப்போது போ நகர மேயராக இருந்தவருமான ஃபிரான்சுவா 2024 டிசம்பரில் பிரதமரானபோது தொலைக்காட்சியில் பாதிப் பேர் 'பேரு' என்றார்கள், பாதிப் பேர் 'பைரு' என்றார்கள். எழுத்தில் 'ஏ-ஒய்'. பொதுப் பிரெஞ்சில் அது 'எ'. அவர் ஊரில் அது 'ஐ', அவரும் அப்படித்தான் சொல்கிறார். ஊரார் சொல்வதா, ஊடகம் சொல்வதா என்று எனக்குக் கேள்வியே இல்லை. பெயர் அவருடையது.

பேச்சு மணத்தை, அதாவது உச்சரிப்புச் சாயலை வைத்து ஆளை இளக்காரமாகப் பார்ப்பது இங்கேயும் உண்டு. கஸ்தெக்ஸ் பிரதமரானபோது அவர் என்ன சொன்னார் என்பதைவிட எப்படிச் சொன்னார் என்றே கொஞ்ச நாள் பேசினார்கள். 2020 நவம்பர் 26ஆம் தேதி, பேச்சு மணத்துக்காக ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் மசோதாவுக்குத் தேசியச் சபை முதல் வாசிப்பில் வாக்களித்தது. நேர்காணலில் உங்கள் பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பவரைக் கண்டால், அதே முகத்தைக் கார்கசோன்காரரும் கண்டிருக்கிறார் என்பது தெரிந்திருக்கட்டும்.

ஐந்தாம் படி: மாறிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்

சென்ற தலைமுறை சொன்னபடி இந்தத் தலைமுறை சொல்வதில்லை. எழுத்தைப் பார்த்துப் பேச்சு மாறுவதை இங்கே மொழியியலாளர்கள் 'புபென் விளைவு' என்கிறார்கள். விளாதிமிர் புபென் 1935இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஓசேர் என்று சொல்லி வந்த ஊரைப் பலர் எக்ஸைப் பார்த்து ஒக்சேர் என்கிறார்கள். இதில் எல்லோருக்கும் மூத்தவர் மோன்தேஞ். 1533இல் பிறந்து போர்தோவுக்கு மேயராகவும் இருந்த இந்த எழுத்தாளரின் பெயர் அவர் காலத்தில் 'மலை' என்ற சொல்லேதான், மோன்தாஞ். அந்நாளில் 'ஞ' ஒலியை எழுத ஜி, என் இரண்டுக்கும் முன்னால் ஓர் ஐ-யும் போடுவார்கள். பிற்காலத்தவர் அந்த ஐ-யை முன்னால் உள்ள ஏ-யோடு சேர்த்து 'ஏ' என்று வாசித்துவிட்டார்கள். மலை மாறிப்போனது. வெங்காயத்தைக் குறிக்கும் ஒஞோ(ன்) அதே ஐ-யோடு இன்றும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சந்தையில் தினமும் சொல்லும் சொல்லை யாரும் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை அல்லவா.

பழைய பிரபுக் குடும்பங்கள் எழுத்துக்கு மசியவில்லை. இயற்பியலில் 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவரை நம்மில் பலர் 'டி பிராக்லி' என்று படித்தோம். குடும்பம் இத்தாலியின் பியெமோன்தே பகுதியிலிருந்து வந்தது. சரியான உச்சரிப்பு த ப்ரொய். வியட்நாமின் தியென் பியென் பூவில் 1954இல் சரணடைந்த தளபதி த கஸ்த்ர். அவர் பெயரின் எழுத்தில் ஈ, எஸ் எல்லாம் மிச்சமாக நிற்கும். இப்படிப்பட்டவர்கள் நம் காத்திருப்பு அறைக்கு அடிக்கடி வருவதில்லை.

எங்களிடம் வரும் ஒரு சவோய்க் குடும்பத்தில் அண்ணன் ஊரிலேயே மாடு வைத்திருக்கிறார், இசட் சொல்ல மாட்டார். தங்கை லியோனில் வங்கி வேலை. அங்கே எல்லோரும் இசட்டோடு கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தொலைபேசியில் தானே இசட்டோடு சொல்கிறார். ஒரே பெயர், ஒரே தாய் தகப்பன். தங்கையிடம் நான் இசட்டோடும், அண்ணனிடம் இசட் இல்லாமலும் சொல்கிறேன். மூன்றாம் படியில் நான் சொன்ன விதிகள் எல்லாம் முதல் ஊகத்துக்கு மட்டும்தான்.

ஆறாம் படி: கேளுங்கள், எழுதி வையுங்கள்

கேட்கும் வாசகம் இது: "கொமா(ன்) ஸ ப்ரொனோ(ன்)ஸ் வோத்ர் நோ(ன்), சில் வூ ப்ளே?" உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பொருள். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று மாதம் பிழையாகக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு கேட்டால் இருவருக்கும் சங்கடம். கேட்டால் முகம் கோணுவார்கள் என்று நான் பயந்திருந்தேன். நடந்தது வேறு, பத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மேசையில் கூட்டம் இருந்தால் கேட்காமல் இருப்பதே நல்லது.

கேட்க வெட்கமாக இருந்தால், அவர் தொலைபேசியில் தன்னை அறிமுகப்படுத்தும் முதல் இரண்டு நொடியைக் கவனியுங்கள். கேட்டவுடன் பெயருக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிவிடுங்கள். மூக்கொலிக்கு ஒரு வட்டம், ஊமை எழுத்துக்கு மேல் ஒரு வெட்டு. என் மேசைக் கொப்பியை வேறு எவராலும் வாசிக்க முடியாது என்பதால் தனியுரிமைச் சிக்கலும் இல்லை என்று எங்கள் மருத்துவர் கேலி செய்வார்.

எழுத்துக்கூட்டச் சொன்னால், ஆங்கிலத்தில் படித்த நமக்கு ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சில் ஜி எழுத்தின் பெயர் 'ஜே', ஜே எழுத்தின் பெயர் 'ஜி'. ஐ எழுத்தின் பெயர் 'இ'. ஈ எழுத்தோ 'அ' போல் ஒலிக்கும். எச் 'ஆஷ்', ஒய் 'இகிரெக்', டபிள்யூ 'தூப்ல வே', இசட் 'ஸெத்'. இரண்டு எல் அடுத்தடுத்து வந்தால் 'தெ ஸெல்' என்பார்கள். தெ, ஸ், எல் என்று மூன்று எழுத்தாக எழுதி வைத்த அனுபவம் எனக்கு உண்டு.

கூப்பிடும்போது மொசியே அல்லது மதாம், பிறகு குடும்பப் பெயர். திருமணம் ஆனதா என்று பார்த்து மத்முவசேல் சொல்லும் வழக்கத்தை அரசுப் படிவங்களிலிருந்து 2012இலேயே எடுத்துவிட்டார்கள்.

ஏழாம் படி: உங்கள் பெயருக்கும் இதே கதிதான்

இத்தனை நாள் நீங்கள் அவர்கள் பெயரைத் தேடினீர்கள். நாளை காத்திருப்பு அறையில் உங்களைக் கூப்பிடுவார்கள், உங்களுக்கு விளங்காது. இந்தத் தயாரிப்பும் வேண்டும். உங்கள் கடவுச்சீட்டு ஆங்கில வாசிப்புக்கு எழுதப்பட்டது. பிரெஞ்சு வாய் அதைத் தன் விதிப்படி வாசிக்கும். எச் காணாமல் போகும். யு 'யு' ஆகும், ஆகவே குமார் கியுமார். 'சி-எச்' வந்தால் 'ஷ', சந்திரன் ஷந்திரா(ன்). கடைசி என் மூக்குக்குள் போய்விடும். சிவநாதன் 'சிவனதா(ன்)' என்று நிற்பார். பிள்ளைக்கு ரோகன் என்று பெயர் வைத்தவர்களுக்கு இன்னொரு செய்தி: பிரெத்தாஞில் ரொஆ(ன்) என்று பெரிய பிரபுக் குடும்பமே உண்டு, அதே எழுத்து. உங்கள் மகனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பாண்டிச்சேரித் தமிழர் இதை நமக்கு நூறு வருடம் முன்பே சந்தித்தவர்கள். 1881 செப்டம்பர் ஆணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி லபோர்த் என்று அசல் பிரெஞ்சுப் பெயரையே எடுத்துக்கொண்டார். தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டவர்களின் எழுத்தைப் பார்த்தால் பிரெஞ்சு எழுத்தரின் கெட்டித்தனம் தெரியும்: உகரத்துக்கு ஓ-யு என்று இரண்டு எழுத்து, 'லிங்கம்' கடைசியில் ஒரு ஈ சேர்த்து 'லிங்கமெ' என்று எழுதுவார்கள், அப்போதுதான் ம் மூக்குக்குள் மறையாமல் வாயில் கேட்கும். ரெயூனியோன் தீவில் வீரப்பிள்ளை விராபுல்லே ஆனதும் இப்படி ஒரு எழுத்தர் காதால்தான்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பெயரைப் பிரெஞ்சு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். அதை நிரப்பும் அன்று யோசிக்காமல், முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பிள்ளைகளின் பத்திரங்கள் எல்லாம் அதன் பின்னால் போகும்.

என் குடும்பப் பெயரும் 'நாதன்' என்றுதான் முடிகிறது. நான் ஈ சேர்க்கவில்லை. தொலைபேசியில் மட்டும், கத்தரின் என்ற பெயரில் வருவது போன்ற என் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல் மருத்துவருக்கு அந்த ன் வாயில் வர எட்டு மாதம் பிடித்தது. இசட் இல்லாத முதியவர் இரண்டாம் வருகையிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்.